நான்காவது வாக்கியம்

ஒரு வாக்கியம் நிறைவேறப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே அதை ஓர் எட்டு வயதுப் பிள்ளைக்காக நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நான் செய்தது உதவியா, துரோகமா? மூன்று வருடம் ஆகப்போகிறது. இன்னும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற வகைக் கட்டுரை இது. எனக்கு முப்பத்து நான்கு வயதுதான். இரண்டரை வயது மகளை மத்தியானம் தூங்கவைத்துவிட்டு, பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில் எங்கள் மாடிவீட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். ஆனாலும் அந்த வேலையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள்தான். இனித் திரும்பிப் போகமாட்டேன். இப்போது என் இடத்தில் சேர்ந்திருப்பவள் பலெர்மோவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப்பெண். போன மாதம் தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, நீங்கள் அங்கை ஆறு வருசம் இருந்தனீங்கள். என்னென்னத்தைக் கவனிக்கவேணும் எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோவன்." ஒரு பக்கம் போதும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

என் கதை சுருக்கமானது. பதினொரு வயதில் மன்னாரிலிருந்து அம்மாவோடு இங்கே வந்தேன். அம்மா வீடுகளில் வேலை செய்தார். எனக்கு இத்தாலியன் பிடிபட்டதும், அம்மாவின் சினேகிதிகள் வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூரா என்னும் பொலிஸ் தலைமையகத்தில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்படியே மொழிபெயர்ப்பு படித்தேன். இரண்டு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் உரைபெயர்ப்பாளராக இருந்தேன். பிறகு, ஸ்தாசியோனே சென்ட்ராலே என்னும் மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டாம் மாடியில் இருந்த ஒரு பெண் வழக்கறிஞரின் அலுவலகத்தில் சேர்ந்தேன். எல்லோரும் அவரை அவ்வொகாத்தா, அதாவது வழக்கறிஞரம்மா, என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவர் செய்தது நீதிமன்றத்துக்குப் போகாமல் கணவன் மனைவியைப் பிரித்துவைக்கிற வேலை. இருவருக்கும் தனித்தனி வழக்கறிஞர் இருப்பார்கள். ஆனால் நான்கு பேரும் ஒரே மேசையில் உட்காரவேண்டும். முதல் நாளே ஒரு கடதாசியில் எல்லோரும் கையெழுத்திடுவார்கள்: ஒருவரும் எதையும் மறைப்பதில்லை, இங்கே பேசியதை வெளியே கொண்டுபோவதில்லை, ஒருவர் முறித்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனால் இரண்டு வழக்கறிஞர்களும் அந்த விஷயத்தை விட்டு விலகிவிட வேண்டும். அப்படி முறிந்தால் அந்தக் குடும்பம் புது வழக்கறிஞர்களைப் பிடித்து முதலிலிருந்து தொடங்கவேண்டும். அதனால் சண்டையை மூட்டிவிடுவதில் அந்த அறையில் யாருக்கும் லாபமில்லை. முடிவில் எழுதும் உடன்படிக்கையை அரச வழக்குத்தொடுநர் அலுவலகம் பார்த்து, பிள்ளைக்கு அது நல்லதா என்று சரிபார்த்து அனுமதி கொடுக்கும்.

எங்கள் சனத்துக்கு இந்த முறை பிடித்திருந்ததற்குக் காரணம் வேறு. நீதிமன்றத்தின் நடைபாதையில் நின்றால் யாராவது ஒரு தமிழர் கண்டுவிடுவார். இங்கே, இரண்டாம் மாடியில், பல் வைத்தியருக்குப் போனதாகச் சொல்லிக்கொள்ளலாம். கீழ்மாடியில் உண்மையாகவே ஒரு பல் வைத்தியர் இருந்தார்.

அவ்வொகாத்தா மெலிந்த, உயரமான மனுசி. மேசை வட்டமாக இருக்கவேண்டும் என்று தன் தகப்பனின் நீள மேசையை விற்றுவிட்டு ஒன்று வாங்கியிருந்தார். கூட்டத்துக்கு முன் கதிரைகளுக்கு இடையே இருக்கும் தூரத்தைத் தன் கையால் சரிசெய்வார். தண்ணீர் எல்லோருக்கும் வைப்பார். கண் துடைக்கும் கடதாசியை மட்டும் மேசையில் வைக்க விடமாட்டார். "அதைக் கண்டால் அழவேண்டும் என்று நினைப்பார்கள். மேசை லாச்சிக்குள் வையுங்கள், தேவையானபோது எடுத்துக் கொடுங்கள்" என்றார். ஒருவர் பேசி முடித்ததும் உடனே பதில் சொல்லமாட்டார். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த இடைவெளியில்தான் ஆட்கள் உண்மையான காரணத்தைச் சொல்வார்கள்.

ஒவ்வொரு கூட்டமும் ஒரே கேள்வியோடு முடியும். மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகப் பார்த்து, "இந்த மேசைக்குத் தெரியாதது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பார். கணவனிடம், மனைவியிடம், எதிர்ப்பக்க வழக்கறிஞரிடம், கடைசியில் என்னிடமும். முதல் தடவை என்னிடம் கேட்டபோது சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்களும் இந்த அறையில்தானே இருந்தீர்கள்?" என்றார்.

எனக்கென்று தனியாக இரண்டு விதிகள் இருந்தன. கட்சிக்காரர் வெளியே என்னிடம் ஏதாவது சொன்னால், அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில், அவர் முன்னிலையிலேயே அதை நான் மேசையில் வைக்கவேண்டும். அதனால் அப்படி ஒன்றும் சொல்ல இடம் கொடுக்கக்கூடாது. இரண்டாவது, கூட்டம் முடிந்தால் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில்தான் நான் வீட்டுக்குப் போகவேண்டும். எங்கள் சனம் எல்லாம் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

சிரிப்பான நாட்களும் இருந்தன. யாழ்ப்பாணத்துத் தம்பதி ஒன்று எல்லாவற்றிலும் இணங்கிவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த இடியப்ப உரலுக்காக ஒரு முழுக் கூட்டத்தையும் எடுத்துக்கொண்டது. மனைவி, "அது என்ரை அம்மா தந்தது" என்றார். கணவன், "அம்மா தந்தவதான், ஆனா பதினைஞ்சு வருசமா பிழிஞ்சது ஆர் எண்டு கேளுங்கோ" என்றார். அவர்தான் பிழிந்தார் என்பதை மனைவியும் மறுக்கவில்லை. அவ்வொகாத்தா மிகவும் பணிவாக அந்தப் பொருளின் நிறையைக் கேட்டார். கடைசியில் உரல் கணவனுக்கும் தட்டுகள் மனைவிக்குமாக உடன்படிக்கையில் ஏறியது. அரச வழக்குத்தொடுநர் அதை வாசித்தபோது என்ன நினைத்தாரோ தெரியாது. அன்று அந்த மனைவி வாசலில் செருப்பைப் போட்டபடியே கண்ணைத் துடைத்தார். உரலுக்காக இல்லை என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை; கேட்கக்கூடாது.

இனி, யூட் அண்ணையும் றெஜினா அக்காவும். பெயர்களை மாற்றியிருக்கிறேன், சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அப்படியிருந்தும் இதை எழுதுவதே நான் கையெழுத்திட்ட கடதாசிக்கு மாறானதோ என்று இந்த வரியிலும் யோசிக்கிறேன்.

யூட் அண்ணை பெரிய மாடிக்கட்டடம் ஒன்றில் போர்த்தியேரே. பெரிய கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து தபாலைப் பிரிப்பது, படிக்கட்டைத் துடைப்பது, மணி அடித்தால் கதவைத் திறந்துவிடுவது. அந்த வேலைக்காகக் கூண்டுக்குப் பின்னாலேயே இரண்டு அறை வீடு கொடுத்திருந்தார்கள். வேலை போனால் வீடும் போய்விடும். பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தார். றெஜினா அக்கா காலையில் வேறு வீடுகளில் வேலை செய்துவிட்டு, மத்தியானத்தில் படிக்கட்டில் பாதியைத் துடைப்பார். மகள் ஆனுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் தெரு முனையில்.

ஏன் பிரிகிறார்கள் என்று அந்த அறையில் கேட்பதில்லை. வெளியே பலர் பல கதை சொன்னார்கள். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்: இருவரும் ஒருவரையொருவர் மரியாதையாகத்தான் நடத்தினார்கள், ஒருவர் பேசும்போது மற்றவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வொகாத்தா றெஜினா அக்காவுக்கு வழக்கறிஞர். யூட் அண்ணைக்கு வேறு அலுவலகத்திலிருந்து ஓர் இளம் வழக்கறிஞர். நான் இருவருக்கும் பொது. என்னை ஏற்பதாக இருவரும் கையெழுத்திட்டிருந்தார்கள்.

பிரச்சினை ஒன்றுதான். வீடு யூட் அண்ணையின் வேலையோடு கட்டப்பட்டது. அவர் இருந்தால் றெஜினா அக்கா வெளியேற வேண்டும். மணிக்கணக்குக்கு வேலை செய்யும் ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அந்தப் பக்கத்தில் ஒருவரும் வீடு தரமாட்டார்கள். நீதிமன்றமாக இருந்தால் இருப்பதைத்தான் பிரித்துக் கொடுக்கும். அவ்வொகாத்தா வேறு விதமாகத் தொடங்கினார். இருவரையும், "உங்களுக்கு எதை நினைத்தால் பயம்?" என்று கேட்டார். றெஜினா அக்கா, பிள்ளை தன்னைவிட்டுப் போய்விடுவாளோ என்று பயம் என்றார். யூட் அண்ணை, பிள்ளையின் பள்ளிக்கூடம் மாறிவிடும், புது இடத்தில் வாய்திறக்க மாட்டாள் என்றார். அதற்குப் பிறகு அவ்வொகாத்தா ஒன்றும் பேசவில்லை. எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த அமைதியில் யூட் அண்ணைதான் சொன்னார்: "வேலையை அவவின்ரை பேருக்கு மாத்தலாமோ எண்டு கேட்டுப் பாருங்கோ. அவவுக்கு எல்லா வேலையும் தெரியும்."

நான் அதை இத்தாலியனில் சொல்லி முடித்தபோது இளம் வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். றெஜினா அக்கா முதல் தடவையாக நிமிர்ந்து கணவனைப் பார்த்தார். அவ்வொகாத்தா மூன்று கூட்டங்களில், மூன்று தடவை, யூட் அண்ணையிடம் கேட்டார்: இது நீங்களாக விரும்புவதுதானா? மூன்று தடவையும், "ஓம்" என்றார். சிரித்த முகத்தோடு சொன்னார். நான் மூன்று தடவையும் அதை அப்படியே இத்தாலியனில் சொன்னேன். கட்டடத்து உரிமையாளர்கள் கூடிச் சம்மதித்தார்கள். அவர்களுக்கு றெஜினா அக்காவைத்தான் அதிகம் பிடிக்கும் என்றும் கேள்விப்பட்டேன். யூட் அண்ணை ஸ்தாசியோனேக்குக் கிட்ட வேறு இரண்டு பேரோடு ஓர் அறை எடுப்பதாகவும், ஒவ்வொரு பள்ளி நாளும் காலை ஏழு நாற்பதுக்கு வந்து, மணியடித்து, மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போவதாகவும் எழுதினோம். அந்த ஏழு நாற்பதைக் கேட்டவர் றெஜினா அக்கா. அந்த வரி இல்லாவிட்டால் தான் இதற்குச் சம்மதித்திருக்க மாட்டேன் என்று மேசையிலேயே சொன்னார். தகப்பனிடமிருந்து பிள்ளையைப் பறித்தவள் என்று தன்னை நினைத்துக்கொண்டு வாழ முடியாது என்றார்.

கடைசிக் கூட்டத்துக்கு முந்தின கூட்டம் முடிந்த அன்று மழை. பஸ் வேலைநிறுத்தம் வேறு. எப்போதாவது ஒன்று வந்தது. நான் ஏழு மாதக் கர்ப்பிணி. கால் இரண்டும் வீங்கியிருந்தன. வந்த பஸ்ஸை விடமுடியவில்லை. ஏறிய பிறகுதான் யூட் அண்ணை பின்னால் ஏறியிருப்பதைக் கண்டேன். அவர் எனக்கு இடம் பிடித்துத் தந்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை.

கொஞ்ச நேரம் பிள்ளை எப்போது பிறக்கும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, யன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"தங்கச்சி, நான் கனநாள் வரமாட்டன். ஒரு மாதம் வருவன். பன்னிரண்டு வருசம் அந்த மணி அடிச்சா நான்தான் திறந்துவிட்டது. இனி நான் வெளியிலை நிண்டு அடிக்கவேணும், அவ வந்து திறக்கவேணும். ஒரு மாதத்துக்கு மேலை என்னாலை ஏலாது."

அண்ணை, இதை என்னிடம் சொல்லக்கூடாது, நான் அங்கே சொல்லவேண்டிவரும் என்றேன். அவர் அதையும் யோசித்து வைத்திருந்தார்.

"சொன்னா என்ன நடக்கும்? அவ கையெழுத்து வைக்கமாட்டா. எல்லாம் உடைஞ்சு போம். பிறகு நான் வீட்டிலை, அவவும் பிள்ளையும் றோட்டிலை. நான் அங்கை எனக்காகக் கேட்கேல்லை. நீங்கள் என்ரை தங்கச்சி மாதிரி எண்டுதான் வாயைத் திறந்தனான். சொல்லாதேங்கோ."

பிறகு எனக்கு முன்னதாகவே ஒரு தரிப்பில் இறங்கி, மழையில் நடந்து போனார்.

ஓர் இத்தாலிய உரைபெயர்ப்பாளரிடம் அவர் இதைச் சொல்லியிருக்கமாட்டார். அண்ணை என்று கூப்பிட்டது நான். ஆறு மாதமாக அந்த அறையில் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். இத்தாலியர்போல் மரியாதைக்குச் சிஞ்ஞோர் என்று கூப்பிட வாய் வரவில்லை. உறவு சொல்லிக் கூப்பிட்டால் ரகசியமும் வந்துசேரும் என்று எனக்குத் தோன்றவில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கைக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே விஷயம், உறவு சொல்லிக் கூப்பிடவேண்டாம் என்பதுதான், அதுவும் சரியா என்று தெரியவில்லை. ஏனென்றால் அண்ணை, அக்கா என்று கூப்பிடாவிட்டால் அவர்கள் அந்த மேசையில் வாயே திறந்திருக்கமாட்டார்கள்.

கடைசிக் கூட்டத்தில் ஒரு வேலைதான் மிச்சம். பிரிவைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று தாயும் தகப்பனும் சேர்ந்து எழுதுவது. ஒருவர் ஒரு கதையும் மற்றவர் இன்னொரு கதையும் சொல்லக்கூடாது என்பதற்காக, பிள்ளை உள்ள எல்லோரிடமும் அவ்வொகாத்தா இதைச் செய்விப்பார். அதிகம் போனால் நான்கைந்து வாக்கியம். ஒவ்வொன்றையும் இருவரும் வாய்விட்டு வாசிக்கவேண்டும். ஒருவருக்கு நாக்கு இடறினாலும் அந்த வாக்கியத்தை மாற்றவேண்டும். ஆன் இத்தாலியனில்தான் சரளமாகக் கதைப்பாள். ஆனாலும் இதைத் தமிழில்தான் சொல்லவேண்டும் என்று றெஜினா அக்கா விரும்பினார். அதனால் எழுதியது நான்.

"அம்மாவும் அப்பாவும் இனி வேறை வேறை வீட்டிலை இருப்பம். இது உன்னாலை வந்தது இல்லை. நீ அம்மாவோடை இஞ்சையே இருப்பாய், உன்ரை பள்ளிக்கூடமும் மாறாது. அப்பா ஒவ்வொரு நாளும் காலமை வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவார்."

முதல் மூன்றையும் இருவரும் வாசித்தார்கள். நான்காவதை றெஜினா அக்கா வாசித்தபோது அவருடைய முகம் இளகியது. யூட் அண்ணை வாசித்தார். நாக்கு இடறவில்லை. வாசித்து முடித்து என்னைப் பார்த்தார். நான் கடதாசியைப் பார்த்தேன்.

அவ்வொகாத்தா மேசையைச் சுற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார். இந்த மேசைக்குத் தெரியாதது ஏதாவது இருக்கிறதா? றெஜினா அக்கா இல்லை என்றார். யூட் அண்ணை இல்லை என்றார். இளம் வழக்கறிஞர் இல்லை என்றார். என்னிடம் வந்தது. வயிற்றுக்குள் என் மகள் உதைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு நினைவு. ஒருவேளை பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். இல்லை என்றேன். பிறகு அந்த நான்கு வாக்கியங்களையும் நல்ல வெள்ளைத்தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல், பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடியதாகப் பெரிதாக எழுதி, ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன்.

யூட் அண்ணை ஐந்து கிழமை வந்தார். பிறகு வட இத்தாலியில் ஓர் உணவகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஞாயிறுகளில் தொலைபேசி எடுக்கிறார். ஆன் பள்ளிப் பையோடு பெரிய கதவின் உள்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை றெஜினா அக்கா ஒருநாள் எனக்குச் சொன்னார். எத்தனை நாள் நின்றாள் என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு, "மனுசனுக்குப் பிள்ளையும் மறந்துபோச்சு" என்றார். நான் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். குனிந்து அவளுடைய போர்வையைச் சரிசெய்தேன்.

என் பிரசவ விடுப்பு முடிவதற்கு முன் அவ்வொகாத்தா ஒருநாள் இளம் வழக்கறிஞர்களுக்கு வகுப்பு எடுத்தார், என்னையும் அழைத்திருந்தார். பெயர் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னார். வீடு கிடைத்தது, வேலை கிடைத்தது, பள்ளிக்கூடம் மாறவில்லை, ஒரு நீதிபதியும் தந்திருக்க முடியாத தீர்வு என்றார். எல்லாம் உண்மைதான். றெஜினா அக்கா இன்றும் அந்தக் கூண்டில் கௌரவமாக உட்கார்ந்து தபால் பிரிக்கிறார். எல்லோரும் குறிப்பு எடுத்தார்கள். நான் எழுந்து பின்கதவால் வெளியேறினேன். இரண்டு நாள் கழித்து, பிள்ளையைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்று சொல்லி வேலையை விட்டேன். அவர் நம்பினார் என்று நினைக்கிறேன். என் இடத்தை இரண்டு வருடம் காலியாகவே வைத்திருந்தார்.

சில நாட்களில் நான் செய்தது சரி என்று தோன்றும். சொல்லியிருந்தால் தாயும் பிள்ளையும் எங்கே போயிருப்பார்கள்? வேறு நாட்களில், சொல்லியிருந்தால் அவ்வொகாத்தா எண்ணி முடிக்கும்வரை காத்திருந்து வேறொரு வழி கண்டிருப்பார் என்று தோன்றும். மணியடிக்காமல் பள்ளி வாசலில் சந்திக்கலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தாலே போதுமாக இருந்திருக்கலாம். அந்த யோசனை எனக்கு வந்தது ஒரு வருடத்துக்குப் பிறகு, உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது. அன்று முழுக்கச் சாப்பிடமுடியவில்லை.

போன மாதம் தமிழ்ப் பூசை முடிந்து தேவாலய முற்றத்தில் நின்றபோது ஆன் தனியாக என்னிடம் வந்தாள். என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள்.

"அன்ரி, அம்மாவின்ரை அலுமாரியிலை ஒரு கடதாசி கிடக்கு. அது உங்கடை எழுத்துத்தானே?"

ஓம் என்றேன்.

"அப்பா அண்டைக்கு உண்மையாத்தான் அப்பிடிச் சொன்னவர், வேரோ?" உண்மைதானே என்று கேட்க இங்கத்தைப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதைச் சாட்டாக வைத்து, பிறகு சொல்கிறேன் என்றேன். "எந்த ஞாயிறு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு மூன்று ஞாயிறாக, வேறு கோவிலில் இத்தாலியன் பூசைக்குப் போகிறேன். கணவர் ஏன் என்று கேட்டார். கிட்ட என்று சொன்னேன். கிட்ட இல்லை.

ஓம் என்று சொன்னால் அவள் என்னை நம்புவாள். ஆனால் உண்மையாகச் சொன்ன தகப்பன் பிறகு தன்னை மறந்துவிட்டார் என்று வளர்வாள். இல்லை என்று சொன்னால், அப்பா தெரிந்தேதான் வாசித்தார், நானும் தெரிந்தேதான் எழுதினேன் என்று சொல்லவேண்டும். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதையும் சொல்லவேண்டும். அது தாயின் காதுக்குப் போகும். தான் இருக்கும் வீடு எந்த விலைக்கு வந்தது என்று அப்போது றெஜினா அக்காவுக்குத் தெரிந்துவிடும். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று நான் கையெழுத்திட்டதும் இருக்கிறது. சொல்லாதேங்கோ என்று அவர் கேட்டதும் இருக்கிறது.

இதை வாசிப்பவர்களில் சட்டம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். சட்டம் என்ன சொல்லும் என்று எனக்கே ஓரளவு தெரியும். சிறுவயதில் தகப்பன் விட்டுப்போனவர்கள் யாராவது இருந்தால், உங்களிடம்தான் கேட்கிறேன். அந்த வயதில் உங்களிடம் எதைச் சொல்லியிருக்கவேண்டும்? அப்பா மறந்துவிட்டார் என்பதையா, அப்பாவால் முடியவில்லை என்பது ஒருத்திக்கு முன்பே தெரியும் என்பதையா? முதலில் தாயிடம் போகவா, பிள்ளையிடம் போகவா? தயவுசெய்து எழுதுங்கள். அவள் கேட்பதை நிறுத்துவதற்கு முன் எனக்குத் தெரியவேண்டும்.